கூடிப்போன பன்னிரண்டு மைல்

"ஏனுங்க டீச்சர், நீங்க அடிச்சுக் குடுத்த நம்பரு தப்பாப் போச்சுங்க."

சௌந்திரத்தை யாராவது கஞ்சம் என்று சொல்லியிருந்தால்கூடச் சிரித்துவிட்டுப் போயிருப்பார். டைப் அடித்ததில் தப்பு என்றால் மட்டும் தாங்கமாட்டார். சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்புக்கு எதிரே பதினோரு வருடமாக டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறவர் அவர். வெள்ளிக்கிழமை மத்தியானம் வாசலில் வந்து நின்ற அம்மாள் இப்படிச் சொன்னதும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. பீரோவைத் திறந்து கார்பன் நகலை உருவி நீட்டினார்.

"நல்லாப் பாருங்க. எட்டாயிரத்து நானூத்திப் பன்னண்டு. நீங்க சொன்னதும் அதுதான், நான் அடிச்சதும் அதுதான்."

வந்தவர் தாளைப் பார்த்தார். பிறகு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப வண்டிதானுங்க மாறியிருக்குது," என்றார்.

அவர் பெயர் ராஜம்மாள். சங்ககிரியில் நெடுஞ்சாலையை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவர். வயது நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும். காலஞ்சென்ற கணவரின் மோட்டார் சைக்கிளை, பழைய வண்டிகள் சேர்க்கும் பெரிய மனிதர்களுக்கு விற்பதற்காகப் போன மாதம் இவரிடம் ஒரு கடிதம் அடித்து வாங்கிப் போயிருந்தார். சங்ககிரியிலும் டைப் அடிப்பவர்கள் உண்டு. ஊருக்குள் சேதி பரவினால் ஆளாளுக்கு வந்து புத்தி சொல்வார்கள் என்றுதான் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தார்.

சௌந்திரம் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு அவரைப் பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே இருந்தவர் பாலசுந்தரம். ரயில்வேயில் காணாமல்போன பார்சல்களைத் தேடும் வேலையில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். சேலத்தில் ஏற்றிய மாம்பழக் கூடை எந்த ஊர் நடைமேடையில் அழுகிக்கொண்டிருக்கிறது என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவார் என்று அவருக்குப் பெயர். இப்போது ஊர்க்காரர்கள் தொலைத்ததையெல்லாம் தேடிக்கொடுக்கிறார். கூடவே சௌந்திரம் ஓடுவார். பாதி வழியிலேயே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டதாக அறிவிப்பதும் அவர்தான். அது பெரும்பாலும் தப்பான ஆளாக இருக்கும்.

"முதலில் இருந்து சொல்லுங்கம்மா," என்றார் பாலசுந்தரம்.

"வண்டி அமெரிக்கா வண்டிங்க. பேரு இண்டியன் ஸ்போர்ட் ஸ்கவுட்டு. உலகச் சண்டை முடிஞ்சப்பறம் ஒரு காப்பித் தோட்டத்துத் தொரைகிட்ட எங்க ஊட்டுக்காரரு சின்னுசாமி வாங்கினதுங்க. செக்கச்செவேல்னு இருக்கும்."

சௌந்திரம் வேறெங்கோ பார்த்தார். அமெரிக்க வண்டிக்கு எப்படி இண்டியன் என்று பெயர் இருக்கும், அம்மாள் தெரியாமல் சொல்கிறார் என்று நினைத்து, அமெரிக்கா என்ற சொல்லை அவரே கடிதத்திலிருந்து நீக்கிவிட்டிருந்தார். பெங்களூர், சென்னைக்காரர்கள் யாரும் பதில் போடாததற்கு அதுதான் காரணம் என்பது அவருக்கு இப்போதுதான் உறைத்தது. கோயமுத்தூர் வெள்ளியங்கிரி ஒருவர் மட்டும் விஷயம் புரிந்து எழுதியிருந்தார்.

"அறுபத்தொண்ணுல அவரு மஞ்சக்காமாலையில போயிட்டாருங்க. அப்ப மீட்டர்ல எட்டாயிரத்து நானூத்திப் பன்னண்டு மைலுங்க. பதினெட்டு வருசமா வெள்ளிக்கெழமதோறும் அந்தக் கண்ணாடியத் தொடைச்சுட்டு அந்த நம்பரைப் பாக்கறனுங்க. போன வெள்ளி வரைக்கும் அதே நம்பருதான். நேத்து வெள்ளியங்கிரி அய்யா காயிதத்தக் கையில வெச்சுட்டுப் பாக்கறாரு, இருவத்திநாலுன்னு நிக்குது. பன்னண்டு மைலு கூடிப்போச்சுங்க. வண்டி மட்டும் வெச்ச எடத்துலயேதான் நிக்குது."

"அவர் என்ன சொன்னார்?"

"ஆரோ ஓட்டியிருக்காங்க, ஆருன்னு சொன்னாத்தான் ஞாயித்துக்கெழம வண்டிய எடுப்பேன்னாரு. அவரு எடுத்தாலும் எடுக்காட்டியும் போகட்டுங்க." ராஜம்மாள் குரலைத் தாழ்த்தினார். "அந்த வண்டிய ஓட்டத் தெரிஞ்ச ஒரே ஆளு அவருதானுங்க. புதங்கெழம அமாவாசை. எரிச்ச சாம்பல் பவானி ஆத்தோட போச்சு, எனக்குந் தெரியுது. இருந்தாலும் வந்துட்டுப் போனாரோன்னு மனசு கேக்குதுங்க. அவரு வந்து ஓட்டினாருன்னா நான் எப்படிங்க அத விக்கறது?"

சௌந்திரம் நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். அவரும் கணவரை இழந்தவர்தான். பாலசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாளைக்குக் காலையில வர்றோம். ஒண்ணு மட்டும் சொல்றேன். தொலைஞ்ச சாமானைத் தேடும்போது நான் எங்கே போச்சுன்னு முதல்ல கேக்கமாட்டேன். போச்சான்னுதான் கேப்பேன்."

சனிக்கிழமை காலை கோயமுத்தூர் பஸ்ஸில் சங்ககிரிக்கு அந்தப்பக்கம் இறங்கினார்கள். மலைக்கோட்டை முதுகுக்குப் பின்னால் நின்றது. தோட்டத்து வாசலில் சாலையோரம் இரண்டு கற்கள். புதிய கிலோமீட்டர் கல் பளிச்சென்று வர்ணத்தில் இருந்தது. பழைய மைல் கல்லில் ஓர் ஆடு கட்டியிருந்தது. சௌந்திரம் அதன்மேல் கைப்பையை வைத்துவிட்டுச் செருப்பில் ஏறிய கல்லை எடுத்தார்.

"பவானி பன்னண்டுங்குது இது, பவானி பத்தொம்பதுங்குது அது. கல்லுக்குக் கூட ஒத்துமை இல்லீங்க சார்."

பாலசுந்தரம் சிரித்துவிட்டு உள்ளே நடந்தார்.

வீட்டுக்கு முன்னால் பெரிய களம். களம் முழுக்க நிலக்கடலை காயப் போட்டிருந்தது. முப்பத்தெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பெண் அதைக் கூட்டி மூட்டை பிடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய சைக்கிள் சாய்ந்திருந்தது. சின்னுசாமியின் தங்கை கண்ணாத்தாள் அவர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். பதினெட்டு வருடமாக அண்ணன் மனைவியோடு சேர்ந்து இந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார்.

"கடலை எப்போ போட்டீங்க?" என்று கேட்டார் பாலசுந்தரம்.

"போன சனிக்கெழமைங்க. இன்னைக்குத்தான் அள்ளறோம்."

"வண்டியை யாராவது வெளியே எடுத்துப் போனாங்களா?"

"இல்லீங்க. அந்த வண்டி இந்தக் களத்தத் தாண்டி வெளிய போகவே இல்லீங்க. நான் இங்கியேதான் இருந்தேன்." கண்ணாத்தாள் அவர் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

களத்தின் கோடியில் ஷெட். அதற்கு ஒரே கதவு, அது களத்தைப் பார்த்துத்தான் திறக்கிறது. சாவி சமையலறை ஆணியில் தொங்குவது. ஷெட்டுக்குள் சிவப்பு வண்டி பின்சக்கரம் தரையில் படாதபடி ஸ்டாண்டில் ஏறி நின்றது. சௌந்திரம் அதைப் பார்த்ததும் விசாரணையை மறந்து பெட்ரோல் டேங்கைத் தடவினார். பாலசுந்தரம் குனிந்தார். முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே மண்ணால் ஒரு குளவிக்கூடு, காய்ந்து, கீறல் இல்லாமல் இருந்தது. முன் டயரில் விரல் கனத்துக்குத் தூசி. பின்சக்கரத்தை விரலால் தள்ளினார். லேசாகச் சுற்றியது, தூசி இல்லை. வண்டிக்கு முன்னால் தரைத் தூசியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்டமாக ஒரு தடம்.

"வாளி வெச்ச தடம்," என்றார் சௌந்திரம். "பெட்ரோல் புடிக்கறதுக்கு. சார், எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மெக்கானிக்தான்!"

மெக்கானிக் மாதையன் பக்கத்து லாரிப் பட்டறைக்காரர். சின்னுசாமியின் சிநேகிதர். கூப்பிட்டதும் கிரீஸ் கையோடு வந்தார்.

"மாசம் ஒண்ணாந்தேதி வந்து மிதிச்சு உடுவனுங்க. ரெண்டு நிமிசம் ஓடும், ஆப் பண்ணிருவேன். ரெண்டு வருசம் முந்தி டயரும் மாத்திப்போட்டேன். அவன் போனப்பறம் அதும்மேல நான் உக்காந்ததில்லீங்க. மனசு வரலை."

"அமாவாசை அன்னைக்கு, புதன்கிழமை?" என்று கேட்டார் பாலசுந்தரம்.

"அன்னைக்குப் பட்டறையில நாலு லாரிங்க. காலையில இருந்து எஞ்சினு உறுமிக்கிட்டே இருந்துச்சு. சோத்துக்குக் கூட ஊட்டுக்குப் போகலை, ஏழெட்டுப் பேரு பாத்திருக்காங்க."

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, விரலில் மோதிரம். ஞாயிறு வரை பொறுக்க முடியாத வெள்ளியங்கிரி. ஏழு பழைய வண்டிகள் சேர்த்து வைத்திருக்கிறார். அதை இரண்டு நிமிடத்துக்குள் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

"நானே ஓட்டிட்டு மீட்டரைக் காட்டி வெலையக் குறைக்கறேன்னு அந்தம்மா நெனைக்கறாங்களாட்டம் இருக்குது," என்று சௌந்திரத்தைக் கைகாட்டினார். அது உண்மைதான். சௌந்திரம் மாதையனை விட்டுவிட்டு அரை நிமிடமாக அவரைத்தான் முறைத்துக்கொண்டிருந்தார்.

"வண்டி மேல உட்கார்ந்து பார்த்தீங்களா?" என்று கேட்டார் பாலசுந்தரம்.

"பின்னே? வியாழக்கெழம உக்காந்து ஆக்சிலேட்டரை முறுக்கிப் பாத்தனே. வெண்ணெயாட்டத் திரும்புச்சுங்க." வெள்ளியங்கிரி வலது மணிக்கட்டை அழகாக முறுக்கிக் காட்டினார்.

பாலசுந்தரம் தலையசைத்துவிட்டு, எஞ்சின் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றார். மாதையன் ஓரமாக நின்றபடியே மிதித்தார். மூன்றாவது மிதியில் வண்டி உயிர் பெற்றது. ஷெட் அதிர்ந்தது. பின்சக்கரம் அசையாமல் நின்றது. மாதையன் குனிந்து எதையோ திருக, சத்தம் ஏறி இறங்கியது. ராஜம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். வெள்ளியங்கிரி சிறுபிள்ளையாகக் கை தட்டினார். கதவருகே நின்ற கண்ணாத்தாள் முந்தானையைக் கொத்தாக இடது கையில் பிடித்து முறுக்கினார், தளர்த்தினார், மறுபடியும் முறுக்கினார். பாவம், பயந்த சுபாவம் போல என்று சௌந்திரம் நினைத்துக்கொண்டார்.

பிறகு எல்லோரும் வீட்டுக்குள் வந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. கண்ணாத்தாள் மோர் கொடுத்துவிட்டு, மேஜை விசிறியைக் கொண்டுவந்து தரையில் வைத்து ஓடவிட்டார். பாலசுந்தரம் அதன் வட்ட அடிப்பாகத்தைப் பார்த்துக்கொண்டே மோரைக் குடித்து முடித்தார்.

"ஷெட்டுக்குப் போகலாம்," என்றார். "எல்லோருமே வாங்க."

வண்டியைச் சுற்றி நின்றார்கள். பாலசுந்தரம் நிதானமாக ஆரம்பித்தார்.

"பன்னிரண்டு மைல்ன்னதும் நாம எல்லோரும் ஆறு மைல் போய் ஆறு மைல் வந்ததா நினைச்சோம். இந்த வண்டி எங்கேயும் போகலை. களம் நிறையக் கடலை, ஒரு வாரமா. இத்தனை கனமான வண்டி ஏறினா நொறுங்கின தோட்டில் தடம் தெரியும். முன்சக்கரத்தில் குளவிக்கூடு இருக்கு. சக்கரம் அரை விரல் சுத்தினாலே அது உடைஞ்சிருக்கும்."

"அப்ப மீட்டர் எப்பிடிங்க ஓடும்?" என்றார் சௌந்திரம்.

"இந்த மீட்டருக்குக் கேபிள் பின்சக்கரத்தில் இருந்து வருது. பின்சக்கரம் தரையில் படலை. சும்மா ஸ்டார்ட் பண்ணினா அது சுத்தாது, இப்போ பார்த்தோம். கியர் போட்டாச் சுத்தும். யாரோ இதன்மேல் உட்கார்ந்து, கியர் போட்டு, நின்ற இடத்திலேயே பன்னிரண்டு மைல் ஓட்டியிருக்காங்க. அரைமணி நேரமாவது ஆகியிருக்கும். நின்ற இடத்தில் அவ்வளவு நேரம் ஓடினா எஞ்சின் கொதிச்சுப்போகும். அதனால எதிரே மேஜை விசிறியை வெச்சிருக்காங்க. இந்த வட்டம் அதோட தடம். புதன்கிழமை பட்டறையில் லாரிகள் உறுமினதில் இந்தச் சத்தம் யாருக்கும் தனியாக் கேக்கலை. வீட்டு விசிறி, வீட்டுச் சாவி. வெள்ளியங்கிரி சார் இல்லை."

"நாந்தான் அப்பவே சொன்னனே," என்றார் வெள்ளியங்கிரி.

"நீங்க ஓட்டியிருக்கவும் முடியாதுங்க. இதில் வலது பிடி எஞ்சினுக்குள்ளே தீப்பொறி விழற நேரத்தை மாத்தறதுக்கு. ஆக்சிலேட்டர் இடது பக்கம் இருக்கு."

மாதையன் ஆமாம் என்று தலையாட்டினார். வெள்ளியங்கிரி தம் வலது கையை வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டார்.

"மாதையனுக்கு ஆசை வந்திருந்தா ரோட்டுக்கே எடுத்துட்டுப் போயிருப்பார். ஆம்பளைக்கு ரோடு எப்பவும் திறந்துதானே இருக்கு? ரோட்டில் ஓட்ட முடியாத ஒருத்தர்தான் நின்ற இடத்தில் ஓட்டுவார். எஞ்சின் சத்தம் ஏறினப்போ இங்கே ஒருத்தருடைய இடது கை தானாகவே முறுக்கிச்சு. அவங்க என்கிட்ட ஒரு பொய்யும் சொல்லலை. வண்டி களத்தைத் தாண்டலைன்னுதான் சொன்னாங்க."

கண்ணாத்தாள் முந்தானையை விட்டார். யாரும் அவரைப் பார்க்கவில்லை, ராஜம்மாளைத் தவிர.

"நாந்தானுங்க நங்கையா," என்றார். அண்ணன் மனைவியை அவர்கள் அப்படித்தான் அழைப்பார்கள். "அண்ணன் எனக்குச் சொல்லிக் குடுத்துச்சு. கதவச் சாத்திட்டு, இதே ஸ்டாண்டுல போட்டு, விசிறி வெச்சு. பொட்டப்புள்ள ரோட்டுல ஓட்டுனா ஊரு சிரிக்கும், மொதல்ல இங்க கத்துக்கோன்னுச்சு. ஒரு நாளைக்குப் பவானி வரைக்கும் நீ ஓட்டு, நான் பின்னால உக்காந்துக்கறேன்னு சொல்லுச்சு. அதுக்குள்ள படுத்துருச்சு."

"புதன்கிழமை அமாவாசை," என்றார் பாலசுந்தரம். "ராஜம்மாள் அம்மா எங்கே போயிருந்தீங்க?"

"திருச்செங்கோட்டு மலைக்குங்க."

"வாசலில் பவானி பன்னிரண்டுன்னு கல் நிக்குது. அவங்க போனது ஆறும் ஆறும் இல்லை. ஒரே போக்காகப் பன்னிரண்டு. சாம்பல் கரைச்ச கூடுதுறை வரைக்கும்."

கண்ணாத்தாள் அழ ஆரம்பித்தார். "சாம்பலக் கரைக்க ஆம்பளைங்க மட்டுந்தான போனாங்க. பொம்பளைக வரக்கூடாதுன்னு என்னைய இந்த வாசல்லயே நிறுத்திட்டாங்க. ஞாயித்துக்கெழம வண்டி போயிரும். அதுக்கு முந்தி ஒருக்காப் போய்ப் பாக்கலாம்னு கண்ண மூடிட்டு ஓட்டினேன். குமாரபாளையம் வந்துச்சு, பாலம் வந்துச்சு. பன்னண்டு ஆச்சான்னு கண்ணத் தொறந்தேன். செவுருதான் இருந்துச்சு. திரும்பி வர மனசில்லாம அப்பிடியே ஆப் பண்ணிட்டேன்."

ராஜம்மாள் வண்டியின் கண்ணாடியை முந்தானையால் துடைத்தார். அன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லை.

"நான் அவரு வந்தாருன்னு நெனச்சேன்," என்றார். பதினெட்டு வருட ஆசை அதோடு முடிந்துவிட்டது அவர் குரலிலேயே தெரிந்தது. "அம்மிணி, அன்னைக்கு உன்னைய மட்டுமா நிறுத்தினாங்க? என்னையுந்தான உள்ளார வெச்சுக் கதவச் சாத்தினாங்க. போறவ என்னைய ஒரு வார்த்த கூப்படக்கூடாதா?"

கண்ணாத்தாள் வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாதையா," என்றார் ராஜம்மாள், "அந்தக் குளவிக்கூட்ட எடு. ரோட்டுக்கு இது தாங்குமா?"

"எஞ்சினும் டயரும் தாங்குங்க. ஓட்டறவங்கதான்..."

"அவ தெனம் சைக்கிள்ல தோட்டத்துக்கும் சந்தைக்கும் போறவ. சொல்லிக் குடு." பிறகு சௌந்திரத்திடம் திரும்பினார். "டீச்சர், காயிதத்துல நம்பர மாத்தி அடிக்கோணுங்க."

"எட்டாயிரத்து நானூத்தி இருவத்திநாலுங்களா?"

"இல்லீங்க. நாப்பத்தெட்டு."

சௌந்திரம் விரல் விட்டு எண்ணினார். போகப் பன்னிரண்டு, வரப் பன்னிரண்டு. எண்ணி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெள்ளியங்கிரி தொண்டையைக் கனைத்தார்.

"ஓடாத வண்டின்னுதான் நான் கேட்டிருந்தேன்," என்றார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "பரவாயில்லைங்க. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இருக்கேன். எடது கையில எப்பிடி ஓட்டறதுன்னு அந்தம்மா எனக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுக்கோணும்."

அன்று பகல் முழுக்கக் கடலை அள்ளிய களத்தில் கண்ணாத்தாள் சுற்றினார். இரண்டு முறை கால் ஊன்றித் தடுமாறினார். மூன்றாம் முறைக்கு அது தேவைப்படவில்லை. மாதையன் மீட்டர் கேபிளைக் கழற்றி வைத்திருந்தார். பழகுகிற மைலெல்லாம் கணக்கில் ஏறக்கூடாதாம், லாரிக்காரர்களுக்குத் தெரிந்த வித்தை அது. லைசென்ஸ் பற்றி யாரோ கேட்டபோது, தாம் ரயில்வேக்காரர், ரோடு தமக்குத் தெரியாது என்று பாலசுந்தரம் சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கேபிளை மாட்டினார்கள். முன்னால் கண்ணாத்தாள், பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து நாத்தனாரின் தோளைப் பிடித்தபடி ராஜம்மாள். "வாரோமுங்க," என்றார் ராஜம்மாள். மாதையன் ஒரு லாரியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். சிவப்பு வண்டி மைல் கல்லைத் தாண்டி மேற்கே திரும்பியது. சத்தம் தேய்ந்து மறையும் வரைக்கும் வாசலில் நின்றவர்கள் அசையவில்லை.

சௌந்திரம் சூரமங்கலத்துக்குப் போய்க் கடிதத்தைப் புதிதாக அடித்து, அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டார். இந்தத் தடவை அமெரிக்கா என்ற சொல்லையும் சேர்த்திருந்தார். மூன்று மணிக்கு வண்டி வந்தது. இரண்டு பேருடைய சேலை ஓரமும் முழங்கால் வரைக்கும் நனைந்து, பாதி காய்ந்திருந்தது. கண்ணாத்தாள் வண்டியை நிறுத்தினார், ஆனால் இறங்கவில்லை. ராஜம்மாள் இறங்கிக் கண்ணாடியைத் துடைத்துக் குனிந்து பார்த்தார். பிறகு சௌந்திரத்தின் கையிலிருந்த கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், நீங்க அடிச்ச நம்பரு தப்பாப் போச்சுங்க."

சௌந்திரம் ஓடிவந்து மீட்டரைப் பார்த்தார். எட்டாயிரத்து நானூற்று நாற்பத்தொன்பது.

"ஒண்ணு கூடிருச்சுங்க," என்றார் ராஜம்மாள். "ஊட்டுக்குப் பொறப்பட்டுப் பாலம் தாண்டறோம், இவ அழுகறா. சரி திருப்பு அம்மிணி, இன்னொருக்காப் பாத்துட்டுப் போலாம்னுட்டேன்."

சௌந்திரம் பேனாவை எடுத்தார். தாம் அடித்த எட்டைத் தம் கையாலேயே அடித்துவிட்டு ஒன்பது என்று எழுதினார்.